பந்தல் என்று பெயர் வாங்கிய கிளைடர்

வேகமான கிளைடர் சும்மா நிற்கும்போது இந்தக் கிழட்டு வண்டியை ஏன் எடுக்கிறாய் என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் கிளப்பில் கிடையாது. ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருந்தேன். இருக்கை முதுகுக்கு இதமாக இருக்கிறது என்பேன். வேகம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பேன். வாரம் முழுக்க ஃபேக்டரியில் பிரஸ் மெஷின்களுக்குப் பின்னால் ஓடுகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் ஓட வேண்டுமா என்று எரிந்து விழுந்ததும் உண்டு.

ஓசூருக்குத் தெற்கே ஒரு பழைய தனியார் ஓடுதளம். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் கிளப். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. ஒரு லாரி எஞ்சினில் சுற்றிய நீளமான கயிறு அதை இழுத்து மேலே ஏற்றிவிடும். கயிறு கழன்ற பிறகு நம் பாடு. வெயிலில் சூடாகி மேலே கிளம்பும் காற்று எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே வட்டமடித்து ஏற வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காற்று கல் குவாரிக்கு மேலும் ஃபேக்டரிகளின் தகரக் கூரைக்கு மேலும் கிளம்பும். நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கூரை மேலேயே பலமுறை ஏறியிருக்கிறேன். அந்த இடத்தால் எனக்குக் கிடைத்த ஒரே உயர்வு அதுதான்.

கிளப்பில் இரண்டு கிளைடர்கள் இருந்தன. ஒன்று ஃபைபரில் வார்த்தது, வெள்ளை வெளேரென்று ஒல்லியாக இருக்கும், ஒரே ஆள் உட்காரலாம், வேகமானது. இன்னொன்று இரும்புக் குழாயும் மரச்சட்டமும் சேர்த்துக் கட்டி மேலே துணி போர்த்திப் பெயின்ட் அடித்தது. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். எனக்கு மூத்தது. அதற்குப் பந்தல் என்று பெயர் வைத்தவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி.

"மாமா, இது பறக்கறதுக்கா, இல்ல கல்யாணத்துக்குக் கட்டறதா?" என்றான் முதல் நாளே.

மத்தூர்ப் பக்கம் மாமியார் வீட்டு மாந்தோப்பை விட்டுவிட்டு, ஓசூரில் வேலை கிடைத்து எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தவன் அவன். ஃபைபர் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் இருந்தான். அந்தக் கம்பெனியில் யாரோ சொல்லி முதலில் கிளப்பில் சேர்ந்ததும் அவன்தான். சும்மா வந்து பாருங்க என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். நான் சும்மா போய்ப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பறக்கக் கற்றுக்கொண்ட பிறகு அவன் வெள்ளை வண்டியைப் பிடித்துக்கொண்டான், நான் பந்தலைப் பிடித்துக்கொண்டேன். பின் இருக்கையில் உட்கார்ந்து இன்னொருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டும் அனுமதியும் பிற்பாடு எனக்குக் கிடைத்தது. அக்காளிடம் அவன், "மாமா மேல போறதுக்குள்ள நான் கிருஷ்ணகிரி போய் டீ குடிச்சிட்டு வந்திருவேன்" என்பான். அவள் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

நான் பந்தலை எடுத்ததற்கு நிஜமான காரணம் கீழே இருந்தது. மேலே கிளம்பும் காற்று எந்த நேரமும் கைவிடும். ஓடுதளம் வரை திரும்ப முடியாமல் போனால் கண்ணில் படும் வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். இதில் அவமானம் ஒன்றும் இல்லை, கிளைடர் ஓட்டுகிற எல்லோருக்கும் நடப்பது. ஆனால் எங்கள் பக்கத்து வயல்கள் மேடும் பள்ளமுமாக, துண்டு துண்டாக, நடுவில் வரப்போடு இருக்கும். பந்தல் தரையைத் தொடும்போது ஒரு ஸ்கூட்டரின் வேகம்தான் இருக்கும். ஒரு சின்னக் கேழ்வரகு வயல் போதும், நின்றுவிடும். வெள்ளை வண்டிக்கு அது போதாது, நீளமான நிலம் வேண்டும். காற்று பலமில்லாத நாளிலும் பந்தல் ஒரு கூரை அகலத்துக்குள் மெதுவாகச் சுற்றி ஏறும். வேகமானது அந்தச் சுற்றுக்குள் அடங்காமல் வெளியே வந்துவிடும்.

ஒருமுறை சூளகிரிப் பக்கம் அறுத்து முடித்த கேழ்வரகு வயலில் இறங்கினேன். பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து பார்த்தார். தெலுங்கில் என்னவோ கேட்டார். நான் முழித்ததும் தமிழுக்கு வந்தார்.

"பெட்ரோல் தீந்து போச்சாப்பா?"

"இதுல எஞ்சினே இல்லீங்கம்மா."

"எஞ்சின் இல்லாத வண்டிய நம்பி எவன் உன்ன மேல அனுப்புனான்?" என்றார். பிறகு வீட்டிலிருந்து ஒரு சொம்பு மோர் வந்தது. சானமாவுக் காட்டோரம் மட்டும் நாங்கள் யாரும் இறங்குவதில்லை. அங்கே யானையை விரட்டக் கிளம்பும் ஆட்கள் எங்களைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வயல்கள்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு பக்கம் ரோஜா வளர்க்கும் பாலிதீன் குடில்கள். இன்னொரு பக்கம் புது ஃபேக்டரிகள். எல்லாவற்றுக்கும் மேலே லே-அவுட். ஓசூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் வாங்க வந்தவர்களுக்கும் தலைகால் புரியவில்லை. நேற்று கேழ்வரகு இருந்த இடத்தில் இன்று வளைவும் கொடியும் நின்றன. பறப்பதற்கு ஓர் இடம் வருகிறது என்ற பேச்சில், பறந்து இறங்க இருந்த இடமெல்லாம் போயிற்று. இதைக் கிளப்பில் சொல்லிச் சொல்லி நானே எல்லோருக்கும் சலிப்பாகிவிட்டேன்.

மேலிருந்து பார்த்தால் லே-அவுட்டைப் போல இறங்கத் தோதான இடம் கிடையாது. வரப்பையெல்லாம் அழித்து, ஜேசிபி விட்டு நிரவி, சிவப்பாகப் பாய் விரித்த மாதிரி இருக்கும். ஆனால் மனைக்கு மனை நான்கு மூலையிலும் கல் நட்டிருப்பார்கள். எங்கள் மாவட்டத்துக் கருங்கல், முழங்கால் உயரம். வெள்ளை அடித்துவிட்டால் மேலிருந்து தெரியும். அடிக்கும் வரை, மண் புழுதி படிந்து, கல்லும் மண்ணும் ஒரே நிறம். கிளப்பில் இது எல்லோருக்கும் தெரியும். நிரவின சிவப்பு மண்ணில் இறங்காதே, பயிர் இருந்தாலும் வயலில் இறங்கு என்பதுதான் நாங்கள் புது ஆட்களுக்கு முதலில் சொல்வது.

என் மச்சினனும் அதைச் சொன்னவன்தான்.

அது பங்குனி மாதம். காலையில் காற்று நன்றாக இருந்தது. அவன் வெள்ளை வண்டியில் கிருஷ்ணகிரி மலை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். நான் பந்தலில் ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் எதிர்காற்று பிடித்துக்கொண்டது, ஏறுகிற காற்று அறுந்துபோயிற்று. ரேடியோவில் அவன் குரல் நிதானமாக வந்தது.

"மாமா, நான் அங்க வந்து சேரமாட்டேன். நம்ம நீள வயல் இருக்கில்ல, அதுல இறங்கறேன். ஏத்திட்டு வர ஒரு வண்டி எடுத்துட்டு வாங்க."

அந்த நீள வயல் எனக்கும் தெரியும். சுற்று வட்டாரத்தில் வெள்ளை வண்டிக்கு ஏற்ற ஒரே வயல் அதுதான். அறுப்பு முடிந்து தட்டை நின்றதை அதற்கு முன்னால் பறந்தபோது இரண்டு பேரும் பார்த்திருந்தோம். வேறு எங்கும் அவனுக்கு நீளம் கிடையாது. ஏற்கெனவே நல்ல வயல் என்று மனதில் முடிவாகிவிட்ட இடத்தை யாரும் மறுபடி சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. மண் கொஞ்சம் சிவந்து தெரிந்ததை உழுத மண் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த இடைவெளியில் நிலம் கை மாறி, நிரவி, கல்லும் நட்டாகிவிட்டது.

இறக்கை ஒரு கல்லில் மோதியது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த கல்லின் மேல் வயிற்றோடு உட்கார்ந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "மாமா, கால் எங்க இருக்குன்னு தெரியல" என்றான்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் முதுகில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பைச் சேர்த்துவிட்டோம், நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வெளியே வந்து என்னிடம் மட்டும், எதிர்பார்க்காதீர்கள் என்றார். நான் அதை மனைவியிடம் சொன்னேன். அவனிடம் சொல்லும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பார்க்க வந்த எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வேகமான வண்டி எடுத்தான், இப்படி ஆயிற்று, மாமாவைப் பார், மெதுவாகப் போய் மெதுவாக வருகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாக ஓட்டுகிறவன். ஆட்டம் போட்டு விழவில்லை, இறங்க இடமில்லாமல் விழுந்தான். ஒருவரிடம் இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் கொண்டுவந்த ஆப்பிளை அப்படியே வைத்துவிட்டுப் போனவர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டு ஹாலில் அவனுக்குக் கட்டில் போட்டோம். டிவியை எதிரே மாற்றி வைத்தோம். அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டிலிருந்து போன் வருவது நின்றுபோயிற்று. காலையிலும் சாயங்காலமும் மனைவி அவன் கால்களை மடக்கி நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துவிடுவாள். பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தபடி செய்வாள். முடிந்ததும், "ஏதாவது தெரியுதாடா?" என்று கேட்பாள்.

"தெரியுதுக்கா. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கட்டை விரல் இப்ப அசைஞ்சுது, பாத்தியா?"

அசைந்திருக்காது. அவள் என்னைப் பார்ப்பாள். நான் பேப்பரைப் பார்ப்பேன். "ஆமாண்டா, லேசா அசைஞ்சுது" என்பாள். தினமும் இதே கேள்வி, இதே பதில். கால் வந்துவிடும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்து உட்கார்ந்தான், சாப்பிட்டான், ஷேவ் செய்துகொண்டான். அந்தக் கட்டை விரல் இல்லாவிட்டால் அவன் என்ன ஆவான் என்று நினைக்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. கால் திரும்ப வராது என்பதைவிட, அது அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அந்த வீட்டில் பெரிய கவலையாக இருந்தது.

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளப்புக்குக் கிளம்பும்போது அவன் கேட்டான்.

"மாமா, ஒரு தடவ பந்தல்ல என்ன கூட்டிட்டுப் போங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த நாட்களிலும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு காலையில் எழுந்து பார்த்தால் அவனுடைய நீலச் சட்டை அயர்ன் செய்து நாற்காலியில் தொங்கியது. கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் யோசித்தார். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேன், பந்தலென்றால் சரி என்றார். அது தப்பைப் பொறுத்துக்கொள்ளும், எந்தத் தப்பும் அதில் மெதுவாகத்தான் நடக்கும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பேராகத் தூக்கி முன் இருக்கையில் உட்கார வைத்தோம். பெடலுக்கு அடியில் கால் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொண்டால் ஆபத்து என்பதால் இரண்டு பாதங்களையும் பெடல் மேலேயே வைத்து மெத்தென்ற பட்டையால் கட்டினேன். இருக்கைக்கு ஒன்றாக, கையால் வண்டியைச் சாய்க்கும் ஸ்டிக்கும் இரண்டு, காலால் மூக்கைத் திருப்பும் பெடல் ஜோடியும் இரண்டு. ஒன்றோடொன்று கம்பியில் இணைந்தவை. பின்னால் நான் மிதித்தால் முன்னால் அவன் பெடலும் நகரும். அவன் அக்கா கொட்டகை நிழலில் வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கயிறு எங்களை மேலே தூக்கியது. கழன்றதும் சத்தமெல்லாம் அடங்கி, துணியின் மேல் காற்று உரசும் சத்தம் மட்டும் இருந்தது. குவாரிப் பக்கம் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். மெதுவாக ஏற ஆரம்பித்தது.

"ஸ்டிக் குடுங்க மாமா."

இரண்டு பேர் பறக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் வண்டி இருக்கிறது என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் இருக்கக் கூடாது. ஒருவர் 'என் கன்ட்ரோல்' என்றால், மற்றவர் 'உன் கன்ட்ரோல்' என்று வாய்விட்டுச் சொல்லி முழுக்க விட்டுவிட வேண்டும். பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டிருப்பது எங்களுக்குள் பெரிய குற்றம். தரையில் யாரிடம் என்ன பொய் சொன்னாலும் இதில் யாரும் பொய் சொல்வதில்லை.

"ஸ்டிக் என் கன்ட்ரோல்" என்றான்.

"ஸ்டிக் உன் கன்ட்ரோல். கால் என்னுது" என்றேன்.

வட்டமடிக்கக் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அவன் ஸ்டிக்கைச் சாய்ப்பான், நான் அந்தப் பக்கத்துப் பெடலை மிதிப்பேன். சரியாகச் சேர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி மூடியின் மேல் ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். நூல் நேராக இருந்தால் எல்லாம் சரி. முதலில் இரண்டு சுற்று நூல் அங்கும் இங்கும் ஆடியது. பிறகு அவன் எப்போது சாய்ப்பான் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. நூல் நட்டநடுவில் நின்றது. அவ்வளவு சுத்தமான வட்டத்தைப் பந்தலில் நான் தனியாக ஒருநாளும் போட்டதில்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"மாமா." குரல் மாறியிருந்தது. "கால் நகருது."

முன்னால் எட்டிப் பார்த்தேன். கட்டியிருந்த அவன் பாதங்கள் பெடலோடு முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தன. முழங்கால் மடங்கி நீண்டது.

"நான் மிதிக்கறேன்டா. அதோட சேந்து நகருது."

"இல்ல மாமா. எனக்குத் தெரியுது. நான் நினைக்கறப்ப நகருது. நான் சாய்க்கறதுக்கு முன்னாடியே கால் போகுது." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "நீங்க கால எடுங்க. கால் என் கன்ட்ரோல்."

பாதத்தை லேசாக வைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். அவன் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தான், பின்னால் நடப்பது தெரியாது. நூல் நடுவிலேயே நின்றிருக்கும். கீழே போய் அக்காளிடம் கத்திச் சொல்லியிருப்பான். இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். வேகமான வண்டியென்றால் இதையெல்லாம் யோசிக்க நேரம் இருந்திருக்காது. பந்தல் நேரம் தரும், அதற்காகவே அதைத் தேடித் தேடி எடுத்தவன் நான். அன்றைக்கு அந்த நேரம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"மாமா, கால் என் கன்ட்ரோல்."

"கால் உன் கன்ட்ரோல்" என்றேன். பாதங்களை எடுத்துவிட்டேன்.

அவன் ஸ்டிக்கைச் சாய்த்தான். நூல் ஒரு பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. வண்டி கோணலாக, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. துணியில் காற்று ஒரு பக்கம் மட்டும் படபடத்தது. அவன் ஸ்டிக்கை மறுபக்கம் சாய்த்தான். நூல் அந்தப் பக்கம் போய்ப் படுத்தது. அவன் கழுத்து குனிந்து, கால்களையே பார்த்துக்கொண்டிருப்பது பின்னாலிருந்து தெரிந்தது. தோள் இரண்டும் இறுகின. பல்லைக் கடிக்கிறான் என்று நினைத்தேன். பாதங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. பந்தல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை இழந்துகொண்டிருந்தது. நான் ஸ்டிக்கையும் தொடவில்லை, பெடலையும் தொடவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பருந்து எங்களுக்கு எவ்வளவோ மேலே போய்விட்டது.

"உங்க கன்ட்ரோல் மாமா" என்றான் கடைசியில். "ரெண்டும்."

"என் கன்ட்ரோல்" என்றேன். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் ஓடுதளத்தைப் பார்த்துத் திரும்பி இறங்கினேன்.

வண்டி நின்றதும் அவன் அக்கா வீல்சேரைத் தள்ளிக்கொண்டு புல்லில் வேகமாக வந்தாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா. மாமா நல்லா ஓட்டறாரு."

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கீழேயிருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததாம். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு ம் கொட்டினான். சாயங்காலம் வழக்கம்போல அவனைக் கட்டிலில் சாய்த்து, கால்களை மடக்கி நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துவிட்டாள். முடிந்ததும் கேட்டாள்.

"ஏதாவது தெரியுதாடா?"

"இல்லக்கா" என்றான்.